பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்த நாள்

அன்றைக்கு அவர் ஏன் பூட்ஸைக் கழற்றினார்?

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சிலேட்டுகளைத் திருத்திக்கொண்டிருக்கும்போது அது வரும். குழாயடியில் குடம் நிறையக் காத்திருக்கும்போது வரும். வாசலில் நின்றபடியே ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். எப்போதும் அப்படித்தான் செய்வார். அன்றைக்கு மட்டும் படியில் உட்கார்ந்து, கட்டியதையெல்லாம் அவிழ்த்து, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

என் கணவர் பெங்களூர் போலீஸில் ஏட்டாக இருந்தார். அல்சூர் ஏரியிலிருந்து நடக்கிற தூரத்தில், போலீஸ் லைனில், ஓர் அறையும் சமையலறையுமாக எங்களுக்கு ஒரு வீடு. மழை விடாமல் கொட்டிய ஒரு வருஷம், ஏரிக்கரையை ஒட்டிய தாழ்வான வீட்டு வரிசையிலிருந்து ஆட்களை வெளியேற்றும்போது மண்சுவர் இடிந்து விழுந்து அவர் இறந்தார். எங்கள் மகளுக்கு அப்போதுதான் பேச்சு நன்றாக வந்திருந்தது. வாய் ஓயாத வயது. இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வெளியே கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் பால் குடிக்கும்போதே சொல்லித் தருகிற பாடம். தப்பித் தவறிக் கூப்பிட்டுவிட்டால் போனவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். நான் டீச்சர் டிரெயினிங் முடித்தவள். வகுப்பில் மின்னலுக்கும் இடிக்கும் காரணம் சொல்லிக்கொடுக்கிறவள். ஆனாலும் இந்தப் பழக்கம் மட்டும் என் கைகால்களில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவர் கைக்குட்டையை மறந்துவிட்டுப் போக, நான் பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டேன். உடனே பதறிப்போய், வந்து உட்காரச் சொன்னேன். அவர் வாசலிலேயே நின்று சிரித்தார்.

"போலீஸ்காரனை ஊரே பின்னால இருந்துதான் கூப்பிடுது, டீச்சரம்மா. ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து தண்ணி குடிச்சா என் வயிறு அல்சூர் ஏரி ஆயிடும்."

"ஒரு வாய் குடிச்சா என்னங்க குறைஞ்சு போயிடும்?"

"பூட்ஸோட உள்ள வரக் கூடாதுன்னு நீதானே சட்டம் போட்ட? இதைக் கழட்டி மாட்டறதுக்குள்ள திருடன் மெட்ராஸ் போய்ச் சேர்ந்துடுவான்."

அவர் சொன்னதும் நியாயம்தான். பூட்ஸ் என்றால் வெறும் பூட்ஸ் அல்ல. அதன் வாயை மூடி, கணுக்காலிலிருந்து கெண்டைக்கால் முழுவதும் காக்கித் துணிப் பட்டியை இறுக்கமாகச் சுற்ற வேண்டும். ஒரு மடிப்பு தளர்ந்தாலும் பரேடில் திட்டு விழும். அவர் சுற்றும்போது, சுருள் தரையில் உருண்டுவிடாமல் நான் பிடித்துக்கொள்வேன். அது எனக்குப் பிடித்த வேலை. வேறு எந்த நேரத்திலும் அவர் காலடியில் அப்படி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க முடியாது.

கடைசியில் எங்களுக்குள் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. யாராவது பின்னால் கூப்பிட்டுவிட்டால் நான் சொம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவேன். அவர் நின்றபடியே ஒரு வாய் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி, "சரி, மாமூல் வாங்கியாச்சு. கேஸை மூடிடலாம்" என்பார். லஞ்சம் வாங்கத் தெரியாத மனுஷருக்கு அது ஒன்றுதான் மாமூல் என்று பக்கத்து வீட்டுக் கான்ஸ்டபிள் மனைவி கேலி செய்வார். அந்த அம்மா கன்னடக்காரர். பாதி தமிழும் பாதி கன்னடமுமாகத்தான் எங்களோடு பேசுவார்.

அந்த வருஷத்து மழையில் லைன் முழுவதும் ஈரத் துணி நாற்றம். காக்கிச் சட்டைகளைக் கரியடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்துக் காயப் போட்டோம். அன்று காலையில் ஏரி கரை மீறப் பார்க்கிறது என்று செய்தி வந்தது. எல்லோரையும் வரிசையில் வந்து நிற்கச் சொல்லும் ஃபாலின் விசில் ஊதினார்கள். எல்லோரும் சேர்ந்து வேனில் போக வேண்டும். அவர் அரைகுறையாகக் காய்ந்த பட்டியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்று சொல்லி இறங்கினார்.

"அப்பா!" என்று கத்தினாள் மகள்.

எதற்காகக் கூப்பிட்டாள் என்று தெரியாது. ஒன்றுக்கும் இல்லாமல் இருக்கலாம். அந்த வயதில் காக்கையையும் அப்படித்தான் கூப்பிடுவாள். நான் சட்டென்று அவள் வாயைப் பொத்தினேன். அவர் மழையில் நின்று திரும்பிப் பார்த்தார். அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எதையும் கொடுப்பேன்.

நான் சொம்பு எடுக்க உள்ளே ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் படியில் உட்கார்ந்து பட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது? இப்படியே ஒரு வாய் குடிங்களேன்."

"இன்னிக்கு முழு மாமூல் வேணும்" என்றார்.

உள்ளே வந்து பலகையில் உட்கார்ந்தார். மகளை மடியில் இழுத்துக்கொண்டார். தண்ணீரைக் கொஞ்சம் குடித்து, மிச்சத்தை அவளுக்குக் குடிப்பாட்டினார். அவள் அவருடைய பெல்ட்டின் பித்தளை பக்கிளில் தன் முகத்தைப் பார்த்து நாக்கை நீட்டினாள். "யாரைப் பார்த்து நாக்கை நீட்டற? ஏட்டையா? உள்ள தள்ளிடுவேன்" என்றார். அவள் இன்னும் நீட்டினாள்.

"ஏட்டய்யா! வண்டி ஹோயித்து!" என்று பக்கத்து வீட்டம்மா வெளியே இருந்து குரல் கொடுத்தார். வேன் போய்விட்டது.

அவர் எழுந்து ஓடினார். பூட்ஸை மாட்டி அவசரமாகப் பட்டியைச் சுற்றினார். மகள் என் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுததால் நான் சுருளைப் பிடிக்கவில்லை. அது ஈரப் படியில் உருண்டு போயிற்று. அவர் அதை எட்டி இழுத்துக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். இந்த முறை யாரும் கூப்பிடவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

மத்தியானம் லைனுக்குப் பொறுப்பான ஜமேதார் வந்து வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே பக்கத்து வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மரியாதையோடு எடுத்துப் போனார்கள். வானத்தை நோக்கிச் சுட்டபோது மகள் என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அப்பாவைச் சுடறாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். அவளுடைய கேள்விகளில் நான் சரியாகப் பதில் சொன்னது அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

சர்க்கார் சாமான்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. பெல்ட், பட்டி, பூட்ஸ் எல்லாவற்றையும் சேறு போகக் கழுவிப் பளபளவென்று துடைத்துக் கொடுத்தேன். பூட்ஸை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள் என்று பிறகு பக்கத்து வீட்டம்மா சொன்னார். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சர்க்கார் விதி என்று சொன்னார்கள், செய்தேன்.

லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு ஆஸ்டின் டவுனில் என் தம்பி வீட்டுக்கு வந்தோம். எனக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. மகள் அப்பாவைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில் நான் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். தெருமுனை தாண்டி மெயின் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது, ஜட்காக் குதிரை கனைக்கும் சத்தமும் வண்டிக்காரரின் கூச்சலும் கேட்டன. பார்த்தால், என் மகள் தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ரோட்டின் நடுவே ஓடி, என்னை முந்திக்கொண்டு போய், எனக்கு எதிரே வந்து நின்றாள். மூச்சு இரைத்தது. பேசாமல் தூக்கை நீட்டினாள்.

"பேட்டி, பொண்ணே, கண்ணு இல்லியா உனக்கு? குதிரை காலுக்குள்ளயே பூந்துட்டியே!" என்று ஜட்காக்காரர் இறங்கி வந்தார். "அம்மா, உங்க புள்ளையா? கையைப் புடிச்சுக்கோங்கம்மா. அல்லா காப்பாத்தினான்."

"ஏன்டி, ஒரு குரல் கொடுத்திருந்தா நான் நின்னிருப்பேனே?" என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எளிய கணக்குகூடத் தெரியாத பிள்ளையை டீச்சர் பார்க்கிற மாதிரி இருந்தது.

"பின்னால கூப்பிட்டா செத்துப் போயிடுவாங்கம்மா."

"யார் சொன்னது?"

"அடுகோடி அத்தை."

அதன் பிறகுதான் கவனித்தேன். என் தம்பி கிளம்பும்போது இவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். தெருவில் தோழியைக் கூப்பிட வேண்டுமென்றால் ஓடிச் சுற்றிக்கொண்டு முன்னால் போகிறாள். வீட்டுக்குள்கூட நான் முதுகைக் காட்டி நின்றால் பேசுவதில்லை, காத்திருக்கிறாள். அடக்கமான பெண் என்று பள்ளியில் எல்லோரும் மெச்சினார்கள். நானும் பெருமைப்பட்டேன்.

என் கணவரின் அக்கா அடுகோடியில் இருக்கிறார். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அந்த ஞாயிற்றுக்கிழமை முறுக்கோடு வந்தார். மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கேட்டேன்.

"ஏன்க்கா, குழந்தைகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"நான் அவளைத் திட்டலம்மா. மடியில வச்சுக்கிட்டுதான் சொன்னேன். நாளைக்குக் கட்டிக்கப் போறவனையும் இப்படிக் கூப்பிட்டுடக் கூடாதேன்னு."

"அவ கூப்பிட்டதால ஒண்ணும் நடக்கலக்கா. மழையில சுவர் விழுந்துச்சு."

"அப்படியா? நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றவர், முறுக்கு டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். "அப்போ அன்னிக்கு ஏம்மா சொம்பைத் தூக்கிக்கிட்டு ஓடின?"

கேட்டுவிட்டு அவரே அழ ஆரம்பித்தார். இருவரும் அழுதோம். மகள் திரும்பி வந்ததும் இருவரும் முறுக்கு தின்றோம்.

இந்த நிலையில்தான் அல்சூர் மார்க்கெட்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கீரைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கூடைக்காரி பேரத்தை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க ஏட்டய்யா வூட்டம்மாதானே? அய்யாவைக் கொண்டுபோன அன்னிக்கு நான் லைன் கேட்டுக்கு வந்திருந்தேன். உள்ள வர தைரியம் இல்ல தாயி." பக்கத்தில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த பையனை இழுத்து என் முன்னால் நிறுத்தினாள். "இதுதான் ஆ மகு. தூளியில இருந்தவன். அய்யாதான் எடுத்து என் கையில கொடுத்தாரு."

மகு என்றால் கன்னடத்தில் குழந்தை. யாரையோ காப்பாற்றும்போது இறந்தார் என்று மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும். அந்த யாரோ, மூக்கு ஒழுக, என் பையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தான்.

நான் கேட்காமலே அவள் சொன்னாள். வேனில் வந்த போலீஸார் எல்லோரும் ரோட்டுப் பக்கத்து வீடுகளில் இருந்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. பின்னால் இன்னொரு வரிசை இருப்பது ரோட்டிலிருந்து தெரியாது. "அய்யா ஒருத்தர்தான் சைக்கிள்ல ஏரிக்கரை மேல குறுக்கு வழியா வந்தாரு. லேட்டாயிடுச்சுன்னு அவசரம். மேல இருந்து எங்களைப் பார்த்துட்டு, சைக்கிளை அப்படியே போட்டுட்டு இறங்கினாரு. அவரு வேன்ல வந்திருந்தா இவன் இல்ல தாயி."

மகளுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். நீ கூப்பிட்டாய், அப்பா தாமதமானார், அதனால் ஒரு குழந்தை பிழைத்தது. ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

கூடைக்காரி இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். "இவனைக் கொடுத்துட்டு, நீ போ, நான் வரேன்னாரு. பாவம், ஒரு கால்ல பட்டி அவுந்துபோய் சேத்துல இழுத்துக்கிட்டே வந்துச்சு..."

கீரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பட்டி அவர் காலைத் தடுக்கியதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இல்லை என்று சொல்லியிருப்பாளோ என்னவோ. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு எப்படி வீட்டுக்கு நடப்பேன் என்று பயந்துவிட்டேன். அடுத்த வாரம் அதே இடத்துக்குப் போனேன், அவள் இல்லை. அதற்கடுத்த வாரம் நான் வேறு வழியாகப் போனேன்.

அதனால் மகளிடம் எதைச் சொல்வது? ஒரு குழந்தை பிழைத்ததை மட்டும் சொல்லலாம். ஆனால் அவள் கெட்டிக்காரி. "அப்போ நான் கூப்பிட்டதாலதானே அப்பா அங்க போனாரு?" என்று கேட்டுவிடுவாள். கூப்பிடாமல் இருந்திருந்தால் அந்தப் பையன் இல்லை. கூப்பிட்டதால் இவளுடைய அப்பா இல்லை. இந்தக் கணக்கை இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் சிலேட்டில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அவள் கூப்பிட்டதற்கும் எதற்கும் சம்பந்தமில்லை, அப்பா உன் மேல் ஆசைப்பட்டுத் திரும்பி வந்தார் என்றும் சொல்லிப் பார்க்கலாம். ஒருவேளை அதுதான் உண்மை. எங்களைப் பார்த்த அந்த ஒரு நொடியில் அவருக்குக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்திருக்கலாம். அல்லது என் முகத்தில் அவ்வளவு பயம் தெரிந்திருக்கலாம். முழு மாமூல் யாருக்காக என்று அவர் சொல்லவில்லை.

சொல்வதை விடச் செய்து காட்டுவது நல்லது என்று எங்களுக்கு டிரெயினிங்கில் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் போன வாரம் மகளிடம் சொன்னேன். "நாளைக்கு நான் கிளம்பும்போது நீ பின்னால இருந்து கூப்பிடு. நான் போயிட்டு சாயங்காலம் வந்துடுவேன். நீயே பாரு."

மறுநாள் அவள் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் ஒவ்வொரு நாளும் வாசலில் கொஞ்சம் மெதுவாக நடந்தேன்.

நேற்றுக் காலை, நான் படி இறங்கியபோது, மிகச் சன்னமாக ஒரு "அம்மா" கேட்டது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பினேன், செருப்பைக் கழற்றினேன், உள்ளே போனேன். அவளை வாரி எடுத்து முத்தம் கொடுத்தேன். பிறகுதான் என் வலது கையில் தம்ளர் இருப்பதைப் பார்த்தேன். எப்போது பானையிலிருந்து மொண்டேன் என்று எனக்கே தெரியாது. அவள் அந்தத் தம்ளரைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

"குடிச்சுட்டுப் போம்மா" என்றாள்.

குடித்துவிட்டுத்தான் போனேன்.

சாயங்காலம் திரும்பியபோது அவள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். பள்ளிப் பை அப்படியே பக்கத்தில் இருந்தது. எவ்வளவு நேரமாக அங்கே இருந்தாளோ. என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. எழுந்து உள்ளே போய்ப் பையை வைத்தாள்.

இதைப் படிக்கிற தாய்மார்கள் யாராவது, இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தவர்களோ, இப்படி ஒரு பிள்ளையாக வளர்ந்தவர்களோ, எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். நாளை அவள் கூப்பிட்டால் நான் தண்ணீர் குடிக்க வேண்டுமா, குடிக்காமல் போக வேண்டுமா? குடித்தால், அவள் பயப்படுவது சரிதான் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும். குடிக்காமல் போனால், நான் திரும்பி வரும்வரை அந்தச் சின்ன நெஞ்சு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பாட்டை நான் பட்டிருக்கிறேன். அந்தப் பையனைப் பற்றி அவளிடம் இப்போதே சொல்லலாமா, பெரியவள் ஆகட்டும் என்று காத்திருக்கலாமா? அதற்குள் இன்னொரு ஜட்கா வந்துவிட்டால்?

எதுவானாலும் எழுதுங்கள். நான் தப்பாகச் செய்கிறேன் என்றால் அதையும் எழுதுங்கள். எது சரி என்று யாராவது சொல்லிவிட்டால், அதை ஒழுங்காகச் செய்ய எனக்குத் தெரியும்.